கொலு பொம்மைக் கடைக்கு வூகாமர்ஸ் தளம்: படத்தில் பெருமாள் கிரீடம் வெட்டுப்படுகிறது, இன்னும் சில சந்தேகங்கள்

பொம்மைவீடு | ஜூன் 9, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி எங்கள் ஊர். மூன்று தலைமுறையாகப் பொம்மைத் தொழில். சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் செட் என்று வருடம் முழுக்க அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் மண்ணோடுதான் இருக்கிறார்கள். செய்வதில் பெரும்பகுதி மொத்த வியாபாரிகளுக்குப் போய்விடுகிறது. போன வருடம் நாங்கள் 350 ரூபாய்க்குக் கொடுத்த மீனாட்சி கல்யாண பொம்மையை நகரத்துக் கடை ஒன்றில் 900 ரூபாய்க்குப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நேரடியாக விற்கத் தளம் ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு நிறுவனத்தில் விசாரித்தபோது 60,000 ரூபாய் கேட்டார்கள். அவ்வளவு முடியாது என்பதால் நானே தளம் கட்டும் வேர்ட்பிரஸும், அதில் கடை நடத்தும் வூகாமர்ஸும், தோற்றத்துக்கு ஸ்டோர்ஃபிரண்ட் தீமும் போட்டு மூன்று வாரமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நான் படித்தது பி.காம். நிரல் தெரியாது, யூட்யூப் பார்த்துத்தான் செய்கிறேன். சிக்கியிருக்கும் இடங்கள்:

கடைப் பக்கத்தில் எல்லாப் படமும் சதுரமாக வெட்டப்படுகிறது. நின்ற கோலப் பெருமாளுக்குக் கிரீடமும் பாதமும் இல்லை. அப்பா பார்த்துவிட்டு, "இதை மாற்றாமல் யாரிடமும் காட்டாதே" என்று சொல்லிவிட்டார்.

முகவரி கொடுத்துப் பணம் கட்டும் செக்அவுட் பக்கத்தில் கம்பெனி பெயர் கேட்கும் கட்டத்தை எடுக்க ஒரு வீடியோவில் சொன்ன நிரலைப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

தமிழ்த் தலைப்புகள் கைபேசியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

அச்சகத்தில் தந்த விலைப்பட்டியலை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகிறது.

நவராத்திரிக்குள் முடிக்க வேண்டும். உதவுங்கள்.

---

நிரல்நேசன் | ஜூன் 9, இரவு 11:40

முதலில் கிரீடம். தோற்றம் பகுதியில் தனிப்பயனாக்கு, அதில் வூகாமர்ஸ், அதில் தயாரிப்புப் படங்கள் என்று போங்கள். சிறுபடத்தை வெட்டும் முறை 1:1 என்று இருக்கும். வூகாமர்ஸ் அப்படித்தான் வரும். அதில் 'வெட்டாதே' என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழு உருவமும் வந்துவிடும். ஆனால் ஒரு படம் உயரமாக, ஒரு படம் அகலமாக இருந்தால் வரிசை கோணல்மாணலாகும். அதனால் அடுத்த யோசனையைத்தான் சொல்வேன்: விகிதத்தை நாமே கொடுக்கும் வாய்ப்பும் அங்கேயே இருக்கிறது. 3:4 கொடுங்கள். பொம்மையைச் சுற்றி நாலு பக்கமும் இடம் விட்டுப் படமெடுங்கள். பின்னணியில் ஒரே நிறத் துணி. மாற்றிச் சேமித்ததும் பழைய படங்களைத் தளம் பின்னணியில் மறுபடி உருவாக்கிக்கொள்ளும், கொஞ்ச நேரம் பொறுங்கள்.

கைபேசியில் எடுத்த 4, 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் 5.3 பதிப்பிலிருந்து பெரிய படங்களை 2560 புள்ளிக்குத் தானே சுருக்குகிறது என்றாலும் அதுவே கடைக்கு அதிகம். 1200 அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்னும் பட வடிவில் ஏற்றினால் பெரும்பாலும் 150 கேபிக்குள் அடங்கிவிடும். ஊர்ப்பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் திறந்து பார்ப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

செக்அவுட் விஷயம்: தவறு உங்களுடையது அல்ல. 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 முதல் புதிதாக நிறுவும் கடைகளுக்குப் பிளாக் வகை (பகுதி பகுதியாகத் தொட்டுத் திருத்தும்) செக்அவுட் வருகிறது. பழைய வீடியோக்களில் சொல்லும் நிரல் பழைய செக்அவுட்டுக்கானது, புதியதில் அது வேலை செய்யாது. நிரலே வேண்டாம். செக்அவுட் பக்கத்தைத் திருத்தத் திறந்து, முகவரிப் பகுதியைத் தொட்டால் வலப்பக்கம் கம்பெனி பெயர், முகவரியின் இரண்டாம் வரி, தொலைபேசி என்று விசைகள் வரும். முதல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். தொலைபேசி கட்டாயம் என்று வையுங்கள், கூரியர்காரர் வாசலில் வந்து கூப்பிட எண் வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். அந்த நிரலை எந்தக் கோப்பில் போட்டீர்கள்?

---

பொம்மைவீடு | ஜூன் 10, காலை 6:15

கிரீடம் வந்துவிட்டது அண்ணா! அப்பாவை எழுப்பிக் காட்டினேன். 3:4 தான் வைத்திருக்கிறேன்.

நிரலை ஸ்டோர்ஃபிரண்ட் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில், தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜர் வழியாகப் போட்டேன். முதல் முறை போட்டபோது தளமே வெள்ளையாகிவிட்டது. பயந்து அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

---

நிரல்நேசன் | ஜூன் 10, காலை 9:05

இதைத்தான் எதிர்பார்த்தேன். தீமின் சொந்தக் கோப்பில் எதைத் திருத்தினாலும், அடுத்த முறை தீம் புதுப்பிக்கப்படும்போது எல்லாம் அழிந்து புதுக்கோப்பு வந்து உட்காரும். நவராத்திரிக்கு முதல்நாள் அப்படி ஆனால் என்ன செய்வீர்கள்? அதற்காகத்தான் சைல்ட் தீம். தாய்த் தீமை அப்படியே வைத்துக்கொண்டு, நம் மாற்றங்களை மட்டும் தனி அடைவில் வைப்பது. அதற்குத் தேவை ஒரு ஸ்டைல் கோப்பு. அதன் தலையில் புதுத் தீமின் பெயருக்கு ஒரு வரியும், தாய்த் தீமின் அடைவுப் பெயரைச் சொல்லும் ஒரு வரியும் இருந்தால் போதும்.

வெறும் நிறம், எழுத்தளவு, இடைவெளி என்றால் சைல்ட் தீம்கூட வேண்டாம். தனிப்பயனாக்கு பகுதியில், தோற்றத்தை மாற்றும் வரிகளை எழுத 'கூடுதல் சிஎஸ்எஸ்' இருக்கிறது. அங்கே எழுதுவது தரவுத்தளத்தில் சேமிக்கப்படும், தீம் புதுப்பித்தாலும் போகாது. உங்கள் தேவைக்கு முக்கால்வாசி வேலை அங்கேயே முடியும்.

வெள்ளைத் திரை வந்தபோது வேர்ட்பிரஸ் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கும், மீட்பு வழியில் உள்ளே நுழைய ஒரு சுட்டியோடு. 5.2 பதிப்பிலிருந்து அந்த வசதி உண்டு. தளத்தின் நிர்வாக மின்னஞ்சலுக்குத்தான் அது வரும். அங்கே உங்களுடைய, தினமும் பார்க்கிற முகவரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

---

யாழ்_அச்சகம் | ஜூன் 10, நண்பகல் 12:30

தங்கச்சி, விலைப்பட்டியல் பிரச்சினைக்கு நான் சொல்கிறேன். இருபது வருடமாக அச்சு வடிவமைப்புதான் என் தொழில். எங்கள் பக்கம் பாமினி, உங்கள் பக்கம் அச்சகத்துக்கு அச்சகம் வேறு எழுத்துரு. இவையெல்லாம் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், வேறு எங்கே கொண்டுபோனாலும் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். உங்கள் கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம்.

அச்சகத்தில் எந்த எழுத்துரு என்று கேளுங்கள். பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் அதைத் தேர்ந்து யூனிகோடாக, அதாவது எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான குறியீட்டுக்கு, மாற்றுங்கள். மாற்றிய பின் 'ஔ', 'ஸ்ரீ', 'க்ஷ' வரும் இடங்களையும் ரூபாய்க் குறியையும் கண்ணால் சரிபாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் உதைக்கும். உங்கள் பட்டியலில் 'ஸ்ரீ' நிறைய வருமே.

எழுத்துகள் ஏறி நிற்பதற்குக் காரணம் வரியுயரம். லத்தீன் எழுத்துக்காகத் தீம் செய்தவர்கள் தலைப்புக்கு இறுக்கமாக வைத்திருப்பார்கள். தமிழில் மேலே இகரக் குறியும் புள்ளியும், கீழே உகரக் குறியும் வருகின்றன. கூடுதல் சிஎஸ்எஸ்ஸில் தலைப்புக்கு 1.4, உடல் எழுத்துக்கு 1.7 என்று கொடுத்துப் பாருங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி ஏதும் தீம் கொடுத்திருந்தால் பூச்சியமாக்குங்கள். அப்புறம் ஸ்டோர்ஃபிரண்டின் எழுத்துரு சோர்ஸ் சான்ஸ் புரோ. அதில் தமிழே கிடையாது. பார்ப்பவரின் சாதனத்தில் என்ன தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அது வந்து உட்காரும், ஆளுக்கு ஒரு மாதிரி தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம், நன்றாக வரைந்தவை. ஒன்றே ஒன்றைத் தேர்ந்து, சாதாரணம், தடிப்பு என்று இரண்டு கனம் மட்டும் ஏற்றுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆயிரம் பேர் பார்க்கும் கடைப் பலகையில் எழுத்து உடைந்திருந்தால் சும்மா விடுவோமா? திரையும் பலகைதான்.

---

எளியவன் | ஜூன் 10, மாலை 5:48

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு? வாட்ஸ்ஆப் பிசினஸில் கேட்டலாக் போட்டு, இன்ஸ்டாகிராமில் வீடியோ போட்டால் போதாதா? என் அக்கா அப்படித்தான் ஊறுகாய் விற்கிறார். தளத்துக்குள் போய்ப் பதிவு செய்து பணம் கட்டும் பொறுமை நம் ஆட்களுக்குக் கிடையாது. இல்லையென்றால் ஷாப்பிஃபை என்னும் வாடகைக் கடைத் தளம். மாத வாடகை கட்டினால் சர்வர் தலைவலி இல்லை.

---

கோவை_கைத்தறி | ஜூன் 10, இரவு 8:20

எளியவன் சொல்வதில் பாதி உண்மை. என் விற்பனையிலும் பாதிக்கு மேல் வாட்ஸ்ஆப்பில்தான் முடிகிறது. ஆனால் வாட்ஸ்ஆப்புக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்? தெரியாத ஊரில் இருக்கும் ஒருவர் கூகுளில் தேடும்போது உங்கள் கேட்டலாக் அவர் கண்ணில் படுவதில்லை, தளம் படும். இரண்டும் வேண்டும். ஒவ்வொரு பொம்மைப் பக்கத்திலும் வாட்ஸ்ஆப் பொத்தான் வையுங்கள். அழுத்தினால் அந்தப் பொம்மையின் பெயரும் எண்ணும் செய்தியில் தானே வந்து நிற்க வேண்டும். "அந்தச் சிவப்புப் புடவைப் பொம்மை இருக்கிறதா" என்று கேட்டுக் கேட்டு நேரம் போகாது.

நான் சொல்ல வந்தது வேறு. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது, பொம்மைவீடு?

2019-ல் எங்கள் கடைக்கு ஒருவர் தளம் செய்து கொடுத்தார். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. டொமைனையும் ஹோஸ்டிங்கையும் அவரே அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் வாங்கினார். நாங்கள் வருடாவருடம் பணம் கொடுத்தோம். மூன்றாம் வருடம் அவர் தொழிலையே விட்டுவிட்டார், எண் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லும் கடிதமெல்லாம் அவருக்கே போயிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலையில் தளம் இல்லை. கொஞ்ச நாளில் வேறு யாரோ அந்தப் பெயரை வாங்கி விளம்பரம் போட்டுவிட்டார்கள். கடைப் பலகை, பை, பில் புத்தகம், டெம்போவின் பின்பக்கம் எல்லாவற்றிலும் அந்தப் பெயர். பணம் கொடுத்த ரசீது என்னிடம் இருந்தது, பதிவில் என் பெயர் இல்லை. அந்தப் பெயருக்காக நான் அழுதிருக்கிறேன்.

---

பொம்மைவீடு | ஜூன் 10, இரவு 9:02

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. என் டொமைனை அத்தை மகன் அவன் கணக்கில் வாங்கிக் கொடுத்தான். அவன் பெயரில்தான் இருக்கிறது. முதல் வருடம் 99 ரூபாய்தான் என்று சொன்னான்.

---

கோவை_கைத்தறி | ஜூன் 10, இரவு 9:15

சொந்தக்காரப் பையன் என்றாலும் மாற்றிவிடுங்கள், அவன் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமில்லை. அதே பதிவு நிறுவனத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கினால், ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவது சுலபம். பதிவாளர் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதென்றால் அதற்கென்று ஒரு ரகசியக் குறியீடு கேட்க வேண்டும். வாங்கிய 60 நாளுக்குள் பல டொமைன்களை அப்படி நகர்த்த முடியாது. 99 ரூபாய் முதல் வருடத்துக்கு மட்டும்தான். அடுத்த வருட விலையை இப்போதே பார்த்துக் குறித்துவையுங்கள். முடிந்தால் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

---

நிரல்நேசன் | ஜூன் 11, காலை 7:50

கோவை நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு மற்றதையெல்லாம் ஒரு நாள் நிறுத்திவைக்கலாம். டொமைன், ஹோஸ்டிங், தள நிர்வாகி, பணம் வாங்கும் கேட்வே, இந்த நான்கின் கடவுச்சொல்லும் உங்கள் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும். அப்ட்ராஃப்ட்பிளஸ் என்னும் பிளகினை (கூடுதல் வசதி தரும் செருகி) போட்டு வாரம் ஒருமுறை கூகுள் டிரைவுக்குப் பேக்கப் போகட்டும். ஹோஸ்டிங்குக்குள்ளேயே பேக்கப் வைத்தால் அது போகும்போது இதுவும் சேர்ந்து போகும்.

ஷாப்பிஃபை பற்றி: அது நல்ல கருவி. ஆனால் வருடத்தில் நான்கு மாதம்தான் உங்களுக்கு விற்பனை. பன்னிரண்டு மாத வாடகை கட்டுவது சுமை. கையில் கட்டிய தளம் இருக்கும்போது அதை விட வேண்டாம்.

---

ஒன்பதுபடி | ஜூன் 11, மாலை 6:33

வணக்கம். நான் வாங்குகிறவள். சிங்கப்பூரில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக வீட்டில் கொலு. எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. பொம்மை வாங்கத் தளத்துக்குள் போனால் நான் எதைத் தேடுவேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உயரம். எந்தத் தளத்திலும் சரியாகப் போடுவதில்லை. 'பெரியது', 'நடுத்தரம்' என்றால் எனக்கு என்ன புரியும்? என் மூன்றாம் படியின் மேல் 11 அங்குலம்தான் இடைவெளி. பீடத்தோடு சேர்த்து எத்தனை அங்குலம் என்று சொல்லுங்கள். அகலமும் வேண்டும், தசாவதார செட் பத்தும் ஒரே படியில் நிற்குமா என்று பார்ப்பேன்.

இரண்டாவது, மண்ணா காகிதக்கூழா என்பது. கூழ் என்றால் விமானத்தில் பெட்டியில் வைத்து எடுத்து வருவேன். மண் என்றால் அப்பா வரும்போது கையில் கொண்டுவரச் சொல்வேன்.

மூன்றாவது, முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படம் ஒன்று. கண் எழுதியிருக்கும் விதம்தான் பொம்மை. முழு உருவப் படத்தில் கண் தெரியாது.

கடைசியாக, பொம்மை செய்யும் கைகளைப் பார்க்க ஆசை. உங்கள் அப்பா அம்மா வேலை செய்யும் படம் ஒன்று முதல் பக்கத்தில் இருந்தால் நான் விலையைப் பற்றிப் பேசமாட்டேன்.

---

லாரிஷெட் | ஜூன் 11, இரவு 9:40

பதினைந்து வருடம் பார்சல் புக்கிங்கில் இருக்கிறேன். அனுப்பும் செலவைச் சரியாகப் போடாவிட்டால் விற்க விற்க நஷ்டம் வரும், கவனம்.

கூரியரில் எடை இரண்டு வகை. தராசில் காட்டும் எடை ஒன்று. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்தால் வருவது இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். ஓர் அடிப் பொம்மைக்குப் பஞ்சு, வைக்கோல் எல்லாம் வைத்து 30, 30, 45 அளவுப் பெட்டி கட்டினால் 8.1 கிலோ. உள்ளே இருக்கும் கூழ் பொம்மை ஒரு கிலோகூட இருக்காது. தளத்தில் ஒரு கிலோ என்று போட்டு 80 ரூபாய் வாங்கினால் மீதியை யார் கட்டுவது?

அதனால் பொம்மையின் எடையை மறந்துவிடுங்கள். நாலே நாலு அளவுப் பெட்டி வாங்கிவையுங்கள். எந்தப் பொம்மைக்கு எந்தப் பெட்டி என்று பிரியுங்கள். தளத்தில் பெட்டிக்கு ஒரு விலை. வூகாமர்ஸில் அப்படிச் செய்யமுடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நிரல்நேசன் | ஜூன் 12, காலை 8:10

முடியும், பிளகின்கூட வேண்டாம். ஷிப்பிங் கிளாஸ் என்று உள்ளேயே இருக்கிறது. பெட்டி 1, பெட்டி 2 என்று நான்கு கிளாஸ் செய்து, ஒவ்வொரு பொம்மையையும் ஒன்றில் சேர்க்க வேண்டும். அப்புறம் மண்டலங்கள்: தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒன்று, மற்ற மாநிலங்கள் ஒன்று. பின்கோடு வரிசையை வைத்து மதுரையைத் தனியாகப் பிரிக்கவும் வழியிருக்கிறது. மண்டலத்துக்கு மண்டலம் ஒவ்வொரு பெட்டிக்கும் விலை எழுதிவிட்டால் தீர்ந்தது. வெளிநாட்டுக்கு இந்த வருடம் தானியங்கிக் கணக்கு வேண்டாம், வாட்ஸ்ஆப்பில் கேளுங்கள் என்று போடுங்கள்.

லாரிஷெட் சொன்ன அந்த ஒரு பத்திக்காகவே இந்த இழை தொடங்கியது வீண்போகவில்லை.

---

பொம்மைவீடு | ஜூலை 3, இரவு 11:20

தாமதத்துக்கு மன்னியுங்கள், ஆர்டர் வேலை அதிகம். நடந்ததைச் சொல்கிறேன்.

டொமைன் என் பெயருக்கு வந்துவிட்டது. அத்தை மகன் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தான், நோட்டுப் புத்தகமும் போட்டாயிற்று. எழுத்துரு முக்த மலர். வரியுயரம் யாழ் அண்ணா சொன்னபடி. 'கார்ட்டில் சேர்' என்பதெல்லாம் லோகோ டிரான்ஸ்லேட் என்னும் மொழிபெயர்ப்புப் பிளகின் வைத்து 'கூடையில் போடு' என்று மாற்றினேன். மொழிக்கோப்பை லோகோவின் சொந்த அடைவில் சேமித்தால் புதுப்பிக்கும்போது போகாது என்று படித்து அப்படியே செய்தேன்.

இரண்டு சிக்கல். முதலாவது, பொம்மைப் பக்கத்தின் சுட்டியை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீள்கிறது. சில பக்கங்களில் பெயரே பாதியில் அறுந்துவிட்டது.

இரண்டாவதுதான் பெரிது. சோதனைக்காகத் தோழி ஒருத்தி ராதா கிருஷ்ணன் பொம்மையைத் தளத்தில் வாங்கினாள். அன்றைக்கு மதியமே அந்தப் பொம்மையை அப்பா வாசலுக்கு வந்தவரிடம் விற்றுவிட்டார். எங்களிடம் ஒரு வகையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இதற்கு ஏதாவது பிளகின் உண்டா?

---

நிரல்நேசன் | ஜூலை 4, காலை 7:30

சுட்டிக்குக் காரணம் இது: ஒரு தமிழ்க் குறியீடு சுட்டிக்குள் போகும்போது 9 இடம் பிடிக்கும். 'பொம்மை' என்பதில் ப, ஒகரக் கொம்பு, ம, புள்ளி, ம, ஐகாரக் கொம்பு என்று ஆறு குறியீடு, ஆக 54 இடம். வேர்ட்பிரஸ் 200 இடத்தோடு வெட்டிவிடும். 22 குறியீட்டுக்கு மேல் போனால் அறுந்துதான் போகும். தலைப்பைத் தமிழிலேயே வையுங்கள், சுட்டியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் தட்டுங்கள். இப்போதே மாற்றுங்கள், ஊரெல்லாம் பகிர்ந்த பிறகு மாற்றினால் பழைய சுட்டியில் வருகிறவர்கள் திணறலாம். விளக்கத்தில் 'கொலு பொம்மை' என்பதைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறையாவது இயல்பாக எழுதுங்கள், இரண்டு விதமாகவும் தேடுகிறார்கள்.

ராதா கிருஷ்ணனுக்குப் பிளகின் உதவாது. தளத்தின் கணக்கும் அப்பாவின் கையும் ஒன்றாக ஓடவேண்டும், அதற்கு உங்கள் பட்டறையில்தான் மாற்றம் வேண்டும்.

---

கோவை_கைத்தறி | ஜூலை 4, காலை 10:05

எங்கள் கடையிலும் இதே கதைதான். ஒரு ரகத்தில் ஒரு புடவைதான் இருக்கும். பில்லிங் மென்பொருளை இணைக்கிறேன் என்று இரண்டு மாதம் வீணாக்கினேன். கடைசியில் ஓர் அலமாரியை ஒதுக்கினோம். தளத்தில் இருப்பது அந்த அலமாரியில் மட்டும் இருக்கும். கடையில் நேரில் வந்தவர் அதைக் கேட்டால், முதலில் கைபேசியில் இருப்பை 0 ஆக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மூன்று வருடமாக ஒரு குழப்பமும் இல்லை.

இன்னொன்று. வங்கிப் பரிமாற்றம் என்ற வழியைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? கேட்வேயில் பணம் கட்டாமல் போனால் வூகாமர்ஸ் 60 நிமிடத்தில் ஆர்டரை ரத்து செய்து இருப்பைத் திருப்பிவிடும். அந்த நேரம் அமைப்பில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். வங்கிப் பரிமாற்றத்தில் அப்படி இல்லை. ஆர்டர் நிறுத்திவைப்பில் நிற்கும், நீங்கள் கையால் ரத்து செய்யும்வரை பொம்மை அவர் பெயரிலேயே இருக்கும். நவராத்திரி சமயத்தில் ஒருவர் பணம் கட்டாமல் நாலு நாள் ஒரு செட்டைப் பிடித்து வைத்திருந்தால் நட்டம் உங்களுக்கு. யூபிஐ உள்ள கேட்வே போதும், பரிமாற்றத்தை மூடிவிடுங்கள்.

---

பொம்மைவீடு | ஜூலை 4, இரவு 8:44

கேட்வேக்கு விண்ணப்பித்தேன். தனியுரிமை, பணம் திருப்புதல், அனுப்பும் முறை, நிபந்தனைகள், தொடர்பு என்று ஐந்து பக்கம் இல்லாமல் திறக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறொரு தளத்தில் இருப்பதை நகலெடுத்துப் போடலாமா?

---

கோவை_கைத்தறி | ஜூலை 4, இரவு 9:30

வேண்டாம். உங்களால் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டும் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள்? பெட்டியைப் பிரிக்கும் வீடியோ வேண்டுமா? எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? கையால் வர்ணம் தீட்டுவதால் நிறம் கொஞ்சம் மாறும் என்பதையும் எழுதுங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி தொழிலின் பெயர், முழு முகவரி, தொடர்பு எண், குறை கேட்பவர் யார் என்பதெல்லாம் தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தொழிலுக்கு ஆதாரம் கேட்டால், சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அது இலவசம், யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி விஷயத்தை உங்கள் ஊர் ஆடிட்டரிடம் நேரில் கேளுங்கள், இங்கே ஆளுக்கு ஒன்று சொல்வோம்.

---

பொம்மைவீடு | ஆகஸ்ட் 17, இரவு 10:10

தளம் திறந்து பதினோரு நாள் ஆகிறது. இதுவரை 14 ஆர்டர். சென்னை, பெங்களூரு, புனே. ஒன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து.

அலமாரி யோசனையை அப்பாவிடம் சொன்னபோது முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "வாசலுக்கு வந்தவரை இல்லை என்று எப்படி அனுப்புவது" என்றார். அம்மாதான் பேசிச் சம்மதிக்க வைத்தார். இப்போது சூளைக்கு எதிரில் இருக்கும் பரணில் தளத்துப் பொம்மைகள் மட்டும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் அப்பாவே எண் எழுதுகிறார். அந்த எண்தான் தளத்தில் பொருள் எண். யாராவது வாங்கினால் சித்தப்பா கைபேசிக்கும் செய்தி போகிறது, அவர் பரணிலிருந்து எடுத்துச் சிவப்புத் துணி சுற்றி வைத்துவிடுவார். ராதா கிருஷ்ணன் மாதிரி மறுபடி ஆகவில்லை.

பெட்டி நான்கு அளவு. லாரிஷெட் அண்ணா, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, நான் முதலில் வைத்திருந்த விலையில் ஒரு செட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல் கையிலிருந்து போயிருக்கும். பதினான்கில் ஒரு பொம்மைக்கு மட்டும் விரல் உடைந்தது. புதுப் பொம்மை அனுப்பிவிட்டோம்.

முதல் பக்கத்தில் அம்மா கண் எழுதும் படத்தைப் போட்டிருக்கிறேன். படம் எடுக்கும்போது புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார், வேண்டாம் அப்படியே இருங்கள் என்று எடுத்தேன். மூன்று பேர் அந்தப் படத்தைப் பற்றித்தான் வாட்ஸ்ஆப்பில் முதலில் பேசினார்கள்.

---

யாழ்_அச்சகம் | ஆகஸ்ட் 17, இரவு 11:25

பார்த்தேன். 'அஷ்டலட்சுமி' பக்கத்தில் ஒரு இடத்தில் 'ஸ்ரீ' இன்னும் உடைந்து கிடக்கிறது, மூன்றாம் வரி. மற்றபடி கண்ணுக்குக் குளிர்ச்சி. கைபேசியில் பொத்தானில் 'வாட்ஸ்ஆப்பில் கேளுங்கள்' இரண்டு வரியாக மடிகிறது. பொத்தானின் ஓர இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தால் ஒரே வரியில் நிற்கும்.

---

ஒன்பதுபடி | ஆகஸ்ட் 18, காலை 6:50

உயரமெல்லாம் அங்குலத்தில், பீடத்தோடு! மனசு நிறைந்துவிட்டது. உங்கள் அம்மாவின் படத்தை என் மாமியாரிடம் காட்டினேன்.

ஒரு கேள்வி. என் தசாவதார செட்டில் கூர்மம் இரண்டு வருடம் முன்பு விழுந்து உடைந்துவிட்டது. செட் மாமியார் கொடுத்தது, அதை மாற்ற மனம் வரவில்லை. ஒற்றைப் பொம்மையாக எங்கேயும் தரமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் தருவீர்களா?

---

பொம்மைவீடு | ஆகஸ்ட் 18, இரவு 9:35

ஒன்பதுபடி அம்மா, என் அப்பாவிடம் கேட்டேன். பழைய அச்சுகள் எல்லாம் மேலே அட்டத்தில் இருக்கின்றன, கூர்மம் 6 அங்குலத்திலும் 8 அங்குலத்திலும் இருக்கிறது என்றார். உங்கள் செட்டில் மீதி இருக்கும் ஒன்பதில் மச்சத்தையும் வராகத்தையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். வர்ணத்தை அதற்குப் பொருத்தமாகக் குழைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

தளத்தில் 'செட்டில் ஒன்று குறைகிறதா?' என்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டேன். கூடையில் போடும் பொத்தான் அதில் இல்லை, படம் அனுப்பும் பொத்தான் மட்டும். 'ஸ்ரீ' சரி செய்துவிட்டேன் யாழ் அண்ணா. பொத்தானை நாளைக்குப் பார்க்கிறேன்.